எடை குறைந்த பின் தொங்கும் தோல்: பலரும் செய்யும் தவறுகள்

110 கிலோ இருந்தவர் 70 கிலோவுக்கு வந்திருப்பார். சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. ஆனால் குளித்துவிட்டுத் துணி மாற்றும்போது அடிவயிற்றில் ஒரு மடிப்பு தொங்கும். கையைத் தூக்கினால் புயத்தின் அடிப்பக்கம் ஆடும். தொடையின் உட்புறம் கசங்கிய துணி போல் சுருங்கியிருக்கும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லையே என்பதுதான் பலருடைய வருத்தம். அந்த வருத்தத்தில் எடுக்கும் முடிவுகள்தான் அடுத்தடுத்த சிக்கல்களுக்கு வழி திறக்கின்றன.

தோலைக் கொழுப்பு என்று நினைத்துப் பட்டினி கிடப்பது

இதுதான் எல்லாவற்றிலும் கெடுதலான தவறு. வயிறு இன்னும் தொங்குகிறது, ஆகவே இன்னும் 5 கிலோ குறைக்க வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவார்கள். தோல் அதனால் சுருங்காது. உள்ளே இருக்கும் தசைதான் கரையும். தசை கரைந்தால் தோலுக்குத் தாங்கல் குறைந்து, முன்பைவிட அதிகமாகத் தொங்கும். முடி கொட்டும், களைப்பும் கூடவே வரும்.

தோல் விரிந்து சுருங்குவதற்குக் காரணம் அதன் அடியடுக்கில் உள்ள கொலாஜன், எலாஸ்டின் என்ற இரு நார்ப்புரதங்கள். எலாஸ்டினை உடல் பெரும்பாலும் சிறு வயதிலேயே உருவாக்கி முடித்துவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் இழுபட்டே இருந்த தோலில் இந்த நார்கள் அறுந்தும் சிதைந்தும் போயிருக்கும். அறுந்த எலாஸ்டினுக்குப் பதிலாகப் புதியது அவ்வளவாக வராது. வயது, புகைப்பழக்கம், வெயில், பிரசவங்கள், பரம்பரை, எத்தனை ஆண்டுகள் பருமனாக இருந்தோம் என்பது, எல்லாம் சேர்ந்துதான் யாருக்கு எவ்வளவு சுருங்கும் என்று தீர்மானிக்கின்றன. உங்கள் முயற்சியில் குறை இருந்ததால் தோல் தொங்கவில்லை.

தோலா கொழுப்பா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நின்றுகொண்டு, தொப்புளுக்குக் கீழே கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மடிப்பைப் பிடியுங்கள். மெல்லியதாக, இரண்டு பக்கத் தோலும் ஒன்றோடொன்று உரசுவது போல் இருந்தால் அது பெரும்பாலும் தோல். தடித்து, நடுவே மெத்தென்று இருந்தால் கொழுப்பு மீதம் இருக்கிறது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு. குழந்தை பெற்ற பெண்களுக்கும் வயிறு மிகப் பெரிதாக இருந்த ஆண்களுக்கும் நடுவயிற்றுத் தசைகள் இரு பக்கமாக விலகியிருக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் சற்றுத் தூக்கி, தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் நடுக்கோட்டில் விரலை வைத்து அழுத்துங்கள். தசைகளுக்கு நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தசை விலகல் இருக்கக்கூடும். அவர்கள் நேரடியாக ‘சிட்-அப்’ எடுத்தால் வயிறு கூம்பாகப் புடைக்கும். முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு, அவர் சொல்லும் பயிற்சியில் தொடங்குவது நல்லது.

நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்வது

நடப்பது நல்லதுதான். ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் இடத்தை நிரப்புவது தசை, அது எடை தூக்கினால்தான் வளரும். வாரம் 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு பயிற்சியும் 8 முதல் 12 முறை, 2 அல்லது 3 சுற்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி முழங்கையை மடக்கி நீட்டுவது, இவற்றோடு தொடங்கலாம். தோள், புயத்தின் பின்பக்கம், பிட்டம், தொடை ஆகிய இடங்களில் மாற்றம் தெரியும். அடிவயிற்று மடிப்பில் பெரிதாகத் தெரியாது. அங்கே நிரப்புவதற்கேற்ற பருத்த தசை இல்லை.

இதற்குப் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் 70 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 84 கிராம். மூன்று இட்லியும் சாம்பாரும் 10 கிராம் தருவதே கடினம். 2 முட்டையில் 12 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய 13, சமைத்த கோழி அல்லது மீன் 100 கிராமில் 25 வரை, ஒரு கப் தயிரில் 6 அல்லது 7. சைவர்களுக்கு 50 கிராம் உலர்ந்த மீல் மேக்கர் 25 கிராம் தரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எடை இன்னும் குறைந்துகொண்டிருப்பவர்கள் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ என்ற வேகத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரியாட்ரிக் அறுவை (எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை) செய்தவர்களுக்கும், பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு போன்ற ஊசி போடுகிறவர்களில் சிலருக்கும் தொடக்கத்தில் இதைவிட வேகமாக இறங்கலாம். அவர்கள் தசையைக் காப்பாற்றுவதில் இரட்டிப்புக் கவனம் வைக்க வேண்டும்.

கிரீமிலும் மெஷினிலும் பணத்தைக் கொட்டுவது

தடவும் எந்தக் கிரீமும் தொங்கும் மடிப்பை மேலே தூக்காது. தேங்காய் எண்ணெய் வறட்சியையும் அரிப்பையும் தணிக்கும், அவ்வளவுதான். கொலாஜன் பொடி குடித்தால் அது வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலவே செரிமானமாகும். தோலின் அடியில் சூடேற்றும் ரேடியோ ஃப்ரீக்வென்சி, அல்ட்ராசவுண்ட் கருவிகள் லேசான தளர்ச்சிக்கு ஓரளவு உதவலாம், கையில் பிடித்து மடிக்கும்படி தொங்கும் தோலுக்கு உதவாது. பத்து ‘சிட்டிங்’ பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டால் கட்ட வேண்டாம்.

மடிப்புக்குள் நடப்பதைக் கவனிக்காமல் விடுவது

அழகு பற்றிய கவலையில் அதிகம் மறந்துபோவது இதுதான். நம் ஊர் வெயிலில் தோலோடு தோல் ஒட்டிய இடத்தில் வியர்வை தேங்கும். அடிவயிற்றின் கீழ், மார்பின் அடியில், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்கள் முதலில் சிவந்து எரியும். பிறகு பூஞ்சை பிடிக்கும். சிவந்த திட்டு, அதைச் சுற்றிச் சிறுசிறு புள்ளிகள், அரிப்பு, வாடை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டும்.

இங்கே முதல் தவறு பவுடர். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மடிப்புக்குள் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி, மணல் போல் உராய்ந்து புண்ணாக்கும். எண்ணெயும் மடிப்புக்குள் வேண்டாம்.

இரண்டாவது தவறு அதைவிட ஆபத்தானது. மெடிக்கலில் போய் “அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட் குடுங்க” என்று கேட்டு வாங்குவது. அப்படிக் கிடைப்பவற்றில் பல, பூஞ்சை மருந்தோடு குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்தவை. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சை அடங்காது, உருமாறிப் பரவும். மடிப்பில் மருந்து கூடுதலாக உறிஞ்சப்படுவதால், ஏற்கெனவே தளர்ந்த தோல் இன்னும் மெலிந்து வரிவரியாகக் கிழிந்த தழும்புகள் விழும். அந்தத் தழும்பு போகாது. டியூபில் உள்ள பெயர்களைப் படித்துப் பாருங்கள். பூஞ்சை மருந்தான குளோட்ரிமசோல் மட்டும் உள்ளதா, வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பூஞ்சை மருந்தை வழக்கமாக 2 முதல் 4 வாரம் பூச வேண்டியிருக்கும். அரிப்பு நின்றதும் நான்காம் நாள் நிறுத்தினால் அடுத்த மாதமே திரும்பி வரும்.

தினசரிப் பராமரிப்பு எளிது. மென்மையான சோப்பால் மடிப்பைத் தூக்கிக் கழுவுங்கள். தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். ஃபேன் காற்றிலோ, சூடில்லாத ஹேர் டிரையர் காற்றிலோ முழுக்க உலர விடுங்கள். உரசும் இடத்தில் ஜிங்க் ஆக்சைடு கிரீம் மெல்லிய பூச்சாகப் போதும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து ஒரு பட்டை மடிப்புக்கிடையில் வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, சீழ், ஆறாத புண் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சேலை கட்டுபவர்கள் உள்பாவாடை நாடாவைக் கவனியுங்கள். இடுப்பு சுருங்கிவிட்டதால் பழைய பாவாடையை இறுக்கி முடிந்துகொள்கிறார்கள். மெல்லிய நாடா மடிப்பின் மேல் அறுத்து அறுத்துக் கறுத்துத் தடித்துப் புண்ணாகும். பல ஆண்டுகள் ஆறாமல் கிடந்த அத்தகைய புண் மிக அரிதாகத் தோல் புற்றுநோயாக மாறியதும் நம் நாட்டில் பதிவாகியிருக்கிறது. நாடாவுக்குப் பதில் மூன்று விரல் அகலப் பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், முடிச்சு விழும் இடத்தைத் தினமும் மாற்றுங்கள்.

தோலை இழுத்துப் பிடிக்கும் ஷேப்வேர் நல்ல துணைதான், நடக்கும்போது ஆட்டமும் உரசலும் குறையும். ஒரு சைஸ் சிறியதாக வாங்குவதும், அதோடு தூங்குவதும்தான் பிழை. மூச்சு இழுக்க முடியாமலோ, தொடை மரத்துப்போகும்படியோ இருக்கக் கூடாது.

அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படுவது

மடிப்பு பெரிதாக இருந்தால் அதை நீக்க அறுவை ஒன்றுதான் வழி. அதற்கு ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எடை நிலைபெறும் முன் செய்தால் மீண்டும் தொங்கும். குறைந்தது 3 முதல் 6 மாதம் எடை ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். பேரியாட்ரிக் அறுவை செய்தவர்களுக்கு இது வழக்கமாக 12 முதல் 18 மாதம் கழித்து வரும். இன்னொரு குழந்தைக்குத் திட்டமிருந்தால் வயிற்று அறுவையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எதைச் செய்யப்போகிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது பனிகுலெக்டமி. தோலையும் எடுத்து, விலகிய தசையையும் சேர்த்துத் தைத்து, தொப்புளை இடம் மாற்றுவது அப்டாமினோபிளாஸ்டி. முதலாவதைச் செய்துகொண்டு இரண்டாவதன் வடிவத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தோல் தளர்ந்தவருக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் மட்டும் செய்தால் உள்ளே காலியாகி இன்னும் தொங்கும்.

தழும்பு நிச்சயம் இருக்கும். வயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை, கையில் அக்குளிலிருந்து முழங்கை வரை. அது வெளிறி அடங்க ஓராண்டுக்கு மேல் ஆகும். முன்பு காது குத்திய இடத்திலோ வெட்டுக்காயத்திலோ கெலாய்டு (தடித்து மேலெழும் தழும்பு) வளர்ந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மடிப்புக்குப் பதில் தழும்பு என்ற மாற்று உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

ஹீமோகுளோபின், இரும்பு, பி12, அல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) குறைவாக இருக்கும்போது அறுவைக்குப் போனால் காயம் பிரியலாம். புகைப்பவர் குறைந்தது 4 வாரம் முன்பிருந்து காயம் ஆறும் வரை நிறுத்த வேண்டும். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தைத்த ஓரம் கறுத்து அழுகலாம். அறுவைக்குப் பின் 6 வாரம் தண்ணீர்க் குடமோ சிலிண்டரோ தூக்கக் கூடாது. தோலுக்கடியில் நீர் கோப்பது அடிக்கடி நடப்பது, அதை மருத்துவர் ஊசியால் எடுத்துவிடுவார். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம். அது காத்திருக்கும் விஷயம் அல்ல.

மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (இப்போது டி.ஆர்.என்.பி.) என்ற சிறப்புப் பட்டம் பெற்றவரா என்று பாருங்கள். இந்தியாவில் காப்பீட்டு பாலிசிகள் அழகுக்கான அறுவைக்குப் பணம் தராது. உடல்நலத்துக்கு நேரடி ஆபத்து இருப்பதாகச் சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் கேட்டுப் பார்க்க இடம் உண்டு. ஆகவே மடிப்பில் தொற்று வந்த ஒவ்வொரு முறையும் மருத்துவச் சீட்டையும் தேதியோடு புகைப்படத்தையும் எடுத்து வையுங்கள்.

மனம் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடுவது

உடல் ஓராண்டில் மாறிவிடும். மூளையில் பதிந்த உடலின் அளவு அவ்வளவு சீக்கிரம் மாறாது. இளைத்த பின்னும் பஸ் சீட்டில் ஓரமாக ஒடுங்கி உட்கார்வார்கள், கடையில் எக்ஸ்எக்ஸ்எல் அடுக்கைத் தேடிப் போவார்கள். இது பலருக்கும் நடப்பது. பழைய சட்டையை இப்போது போட்டு ஒரு படம் எடுத்துப் பார்ப்பதும், அளவான துணி இரண்டையாவது வாங்கிவிடுவதும் மூளைக்குப் புதிய கணக்கைக் கற்றுத்தரும். “தோல் சுருங்கட்டும், அப்புறம் வாங்கலாம்” என்று தொளதொளத்த துணியிலேயே காலம் கடத்தாதீர்கள்.

ஒரு நாளில் பத்து முறை மடிப்பைக் கிள்ளிப் பார்ப்பதும், கண்ணாடியையே பார்க்காமல் இருப்பதும் ஒரே வருத்தத்தின் இரு பக்கங்கள். கண்ணாடி முன் நிற்கும்போது முழு உடலையும் பாருங்கள், ஒரு மடிப்பை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள்.

அப்புறம் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள். “என்னம்மா இப்படி இளைச்சுட்ட, சுகரா? முகமே வாடிப்போச்சே.” இதற்கு விளக்கம் சொல்லப் போனால் இன்னும் நாலு கேள்வி வரும். “நல்லா இருக்கேன் சித்தி, டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?” போதும். கணவரிடமோ மனைவியிடமோ மட்டும் மறைக்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒதுங்கிப் போனால் அவர் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்வார். எந்த இடத்தைத் தொட்டால் கூச்சமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, வெளியே போகப் பிடிக்கவில்லை, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் உடனே உதவி கேளுங்கள். மனநல உதவிக்கு இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசுச் சேவையின் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் பேசலாம். மனநல மருத்துவரிடம் போகும்போது பேரியாட்ரிக் அறுவை செய்திருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். குடலில் மருந்து உறிஞ்சப்படும் விதம் மாறியிருப்பதால் மாத்திரையின் வகையையும் அளவையும் அதற்கேற்ப அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.