ஸ்கீ, ஸ்னோபோர்டு: உங்கள் அளவுக்குச் சரியான கருவிகளை எடுப்பது எப்படி?

குல்மார்க் ஆகட்டும், ஔலி ஆகட்டும், டொரண்டோவிலிருந்து போகும் புளூ மவுண்டன் ஆகட்டும், முதல்முறை பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கருவிகளை வாடகைக்குத்தான் எடுப்பார்கள். கடையில் கூட்டம் இருக்கும். ஷூ சைஸைக் கேட்டுவிட்டு ஒரு ஜோடி பூட்ஸை எடுத்து நீட்டுவார்கள். அதை அப்படியே வாங்கிக்கொண்டு வெளியே போகாதீர்கள். ஸ்கீயின் (ஒவ்வொரு காலிலும் மாட்டும் நீளமான சறுக்குப் பலகை) நீளம் 5 செ.மீ. கூடக் குறைய இருந்தால் சமாளித்துவிடலாம். பூட்ஸ் பொருந்தவில்லை என்றால் அன்றைய நாளே வீண்.

படி 1: வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்

சுவரோரமாக ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரில் படும்படி அதன்மேல் நில்லுங்கள். உடல் எடை அந்தக் காலில் இறங்கட்டும். நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். இந்த சென்டிமீட்டர் கணக்குதான் ஸ்கீ பூட்ஸின் ‘மோண்டோ’ அளவு. பாதம் 26.4 செ.மீ. என்றால் 26.5 கேளுங்கள். கூடவே உயரம், எடை, புருவத்துக்கு மேலே தலையின் சுற்றளவு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பூட்ஸ்

இதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளே இருக்கும் மெத்தென்ற லைனரைக் கழற்றிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல்கள் முன்பக்கம் லேசாகத் தொடும்படி காலை முன்னே தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கைவிரலை விட்டுப் பாருங்கள். ஒன்றரை முதல் 2 செ.மீ. இருந்தால் சரி. 3 செ.மீ. இருந்தால் அது உங்கள் பூட்ஸ் இல்லை.

அப்புறம் லைனரைப் போட்டு, பக்கிள்களை மாட்டி நிமிர்ந்து நில்லுங்கள். விரல் நுனி முன்பக்கத்தைத் தொடும். “சின்னதா இருக்கே!” என்று உடனே கழற்றிவிடாதீர்கள். முழங்காலை மடித்து முன்னால் சாயுங்கள். குதிகால் பின்னே போய் உட்கார, விரல்களுக்கு இடம் கிடைத்துவிடும். சறுக்கும்போது இந்த நிலையில்தான் இருக்கப் போகிறீர்கள். பாதத்தைச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கம் தெரியலாம். ஓரிடத்தில் மட்டும் குத்தினாலோ, கால் மரத்துப்போனாலோ வேறு பூட்ஸ் கேளுங்கள். பூட்ஸுக்குள் குதிகால் மேலே எழும்பினால் ஒரு சைஸ் குறைக்கச் சொல்லுங்கள்.

சாக்ஸ் ஒன்றே ஒன்று, முழங்கால்வரை வரும் மெல்லிய சாக்ஸ். குளிருக்கு பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப்போகும். பேன்ட்டையும் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது.

படி 3: ஸ்கீயின் நீளம்

ஸ்கீயைச் செங்குத்தாக நிறுத்தினால் புதியவர்களுக்கு அதன் நுனி தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும். 170 செ.மீ. உயரம் உள்ளவர் 150 முதல் 160 வரை எடுக்கலாம். உடல் எடை குறைவு என்றாலோ, ரொம்பத் தயக்கமாக இருந்தாலோ குட்டையானதை எடுங்கள், திருப்புவது எளிது.

படி 4: பைண்டிங்

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைத்திருப்பதும், விழும்போது விடுவிப்பதும் இதுதான். எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை ‘டின்’ எண் தீர்மானிக்கிறது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், நீங்கள் சறுக்கும் விதம் இவற்றை வைத்து அட்டவணை பார்த்து அமைப்பார்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு எண்ணைக் குறைத்து வைப்பார்கள். எடையைக் குறைத்தோ, அனுபவத்தைக் கூட்டியோ சொல்லாதீர்கள்: எண் அதிகமாக இருந்தால் விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்காலை முறுக்கிவிடும், குறைவாக இருந்தால் சறுக்கும்போதே கழன்றுவிடும். ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீங்களே திருகவும் வேண்டாம். பூட்ஸை மாற்றினால் பைண்டிங்கையும் மறுபடி சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஊன்றுகோல்களுக்கு ஒரு நிமிடம் போதும். தலைகீழாகத் திருப்பி, நுனிப்பக்கம் இருக்கும் வட்டத்தட்டுக்குக் கீழே பிடியுங்கள். முழங்கை செங்கோணமாக மடங்கினால் அளவு சரி.

ஸ்னோபோர்டு எடுப்பவர்களுக்கு

ஸ்னோபோர்டு என்பது இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே பலகை. இங்கே உயரத்தைவிட எடைதான் முக்கியம். பலகையைத் தயாரித்த நிறுவனம் ஒவ்வொரு நீளத்துக்கும் எடை வரம்பு கொடுத்திருக்கும். அதைக் கேட்டுப் பாருங்கள். அடுத்தது அகலம். பூட்ஸை பைண்டிங்கில் மாட்டியபின் முன்னும் பின்னும் லேசாக வெளியே நீட்டலாம். ரொம்ப நீட்டினால் பலகை சாயும்போது விரல்பக்கம் பனியில் உரசி ஆளையே தள்ளிவிடும். பெரிய பாதம் உள்ளவர்கள் ‘வைட்’ பலகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

எந்தக் காலை முன்னால் வைப்பது? வழவழப்பான தரையில் சாக்ஸோடு ஓடி வந்து சறுக்கிப் பாருங்கள். இயல்பாக எந்தக் கால் முன்னால் போகிறதோ அதுவே. இடது கால் என்றால் ‘ரெகுலர்’, வலது என்றால் ‘கூஃபி’. மணிக்கட்டுக் காப்பும் கேளுங்கள். புதியவர்கள் விழும்போது கையைத்தான் ஊன்றுவார்கள்.

ஹெல்மெட், குழந்தைகள்

ஹெல்மெட் புருவத்துக்குச் சற்று மேலே உட்கார வேண்டும். பட்டையைப் போடாமல் தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். உள்ளே கம்பளிக் குல்லாய் கூடாது.

“வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசா வாங்கலாம்” என்ற நம் வீட்டு வழக்கத்தை இதில் மட்டும் விட்டுவிடுங்கள். தொளதொளத்த பூட்ஸில் குழந்தையால் ஸ்கீயைத் திருப்பவே முடியாது. விழுந்து விழுந்து அழுதுவிட்டு, மறுநாள் வர மாட்டேன் என்றுவிடும். கனடாவில் இருப்பவர்கள் பிள்ளைகளுக்கு சீசன் முழுவதற்குமான வாடகைத் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். கால் வளர்ந்துவிட்டால் நடுவில் பூட்ஸை மாற்றித் தருவார்களா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.