கல்யாணத்துக்கு முன்பே பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன்

வர்ஜீனியாவின் வாஷிங்டன் குடும்ப வம்சாவளியைக் கணினியில் ஏற்றினால் ஓர் எச்சரிக்கை: அகஸ்டின், மேரி பால் திருமணம் 1731 மார்ச் 6, மகன் ஜார்ஜ் பிறப்பு 1731 பிப்ரவரி 11. முதல் மனைவி ஜேன் பட்லரின் பிள்ளையோ? அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அதே பெயரில் வேறொருவரைத் தேடியதில் பல நாள் வீண்.

கடைசியில் குடும்ப பைபிள் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கினேன். திருமணத்துக்கு 1730/31, பிறப்புக்கு 1731/2 என்று சாய்கோடு போட்டிருந்தது! 1752-க்கு முன் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல்; அதற்கு முந்தைய நாட்களுக்கு அந்தக் கணக்கின் ஆண்டு சாய்கோட்டின் முன்பாதி, ஜனவரி 1-இல் தொடங்கும் கணக்கின் ஆண்டு பின்பாதி. எனக்குக் கிடைத்த தட்டச்சுப் படியில் திருமணத்துக்குப் பின்பாதியும் பிறப்புக்கு முன்பாதியும் மட்டும் தங்கியிருந்தன. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளுக்கெல்லாம் பின்பாதி ஆண்டையே போட்டேன். ஜார்ஜ் 1732-க்கு நகர்ந்தார், எச்சரிக்கை போயிற்று, அப்பாடா. பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாற்றப் பதினோரு நாள் கூட்டிப் பிப்ரவரி 22 ஆக்குவது தனிக் கணக்கு, இதோடு கலக்காதீர்கள்.