‘அப்பாகிட்ட சொல்லு’: குடும்பச் சிகிச்சைக்குப் போகும் வீட்டாருக்கு

கணவர் கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மனைவி சமையலறையில். நாலறை வீட்டில் இரண்டுக்கும் நடுவே பத்து அடி இருந்தால் அதிகம். “சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு” என்று மகளை அனுப்புகிறார் அம்மா. “பசிக்கலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்று அப்பா திருப்பி அனுப்புகிறார். இரண்டு நாளில் தீர்ந்தால் இது வழக்கமான பிணக்கு, வீட்டுக்கு வீடு வாசப்படிதான். மாதக்கணக்கில் நீண்டால், பெரியவர்கள் பேசவேண்டியதைச் சுமக்கும் வேலை அந்தப் பிள்ளையின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு அது வயிற்றுவலியாகவோ, பள்ளிக்குப் போகமாட்டேன் என்ற அடமாகவோ வெளியே வரும். “பிள்ளைக்குக் கவுன்சலிங் வேணும்” என்று பெற்றோர் வந்து நிற்பது அப்போதுதான்.

குடும்பச் சிகிச்சை பிள்ளையை மட்டும் பார்ப்பதில்லை. பேச்சு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கிறது. 1950களில் அமெரிக்காவின் தேசிய மனநல நிலையத்தில் முர்ரே போவன் என்ற மனநல மருத்துவர், நோயாளிகளோடு அவர்களுடைய குடும்பத்தாரையும் மருத்துவமனையிலேயே தங்கவைத்துக் கவனித்தார். அவர் விளக்கிய ‘முக்கோணம்’ இன்றுவரை இந்தத் துறையின் அன்றாடக் கருவி. இருவருக்கிடையே இறுக்கம் கூடும்போது மூன்றாமவர் ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். இறுக்கம் தணிகிறது, விஷயம் தீராமல் கிடக்கிறது. மாமியார், மருமகள், நடுவில் மகன் என்ற முக்கோணம் நமக்குப் புதிதல்ல. மகன் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லச் சொல்ல, அந்த இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பேசவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. நல்ல மனதோடு போகும் தூதுதான் பல வீடுகளில் சண்டைக்கு ஆயுள் கூட்டுகிறது.

போவதற்கு முன் பார்க்கவேண்டியது

வீட்டில் அடி, மிரட்டல், பணத்தைப் பறித்துவைப்பது, கைத்தொலைபேசியைச் சோதிப்பது, வெளியே போகவிடாமல் தடுப்பது இவை நடக்கின்றனவா? நடந்தால், எல்லாரும் ஒன்றாக உட்காரும் அமர்வு முதல் படி அல்ல. பயத்தில் இருப்பவர் அங்கே உண்மை பேசமுடியாது. பேசினால் வீடு திரும்பியபின் அதற்கு விலை கொடுக்கவேண்டிவரும். முதலில் தனியாகப் பேசுங்கள். சிங்கப்பூரில் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவித் தொலைபேசி 1800-777-0000, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் 999. பெண்கள் சாசனத்தின்கீழ் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு கேட்டுக் குடும்ப நீதிமன்றத்தை நாடலாம். சட்டத்தின் பெயர் அப்படி இருந்தாலும், வன்முறைக்கு ஆளாகும் ஆண்களும் வயதான பெற்றோரும் அந்த உத்தரவைக் கேட்கலாம். யாராவது உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் அமைப்பை அழையுங்கள்.

எங்கே போவது, எப்படிக் கேட்பது

தீவு முழுவதும் 40க்கும் மேற்பட்ட குடும்பச் சேவை நிலையங்கள் இருக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் வட்டாரத்துக்கு உரிய நிலையம் எது என்பதை அரசாங்கத்தின் சமூக உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000ஐ அழைத்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கே ஆலோசனைக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. 1991இல் தொடங்கப்பட்ட சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தையும் இந்தியக் குடும்பங்கள் அணுகலாம். பிள்ளை தொடர்பான சிக்கலென்றால் பள்ளி ஆலோசகர் வழியாகவும் போகலாம். தனியாரிடம் போவதானால் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: குடும்பச் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவரா, ஒரே அறையில் நான்கைந்து பேரை வைத்துப் பேசிப் பழக்கம் உண்டா. ஒருவரோடு ஒருவராகப் பேசுவதில் தேர்ந்தவர்கள்கூட, கோபமாக இருக்கும் ஐந்து பேர் நடுவே திணறுவதுண்டு.

தொலைபேசியில் நீளமாக வரலாறு சொல்லத் தேவையில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறோம், எவ்வளவு நாளாக, எதைப் பற்றி, பாதுகாப்பு குறித்துக் கவலை உண்டா என்ற நான்கு செய்திகள் போதும். கூடவே “தமிழ் பேசுறவங்க வேணும்” என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விடுவதால் வரும் கோளாறு பெரிது. பாட்டிக்குத் தமிழ் மட்டும், பேரனுக்கு ஆங்கிலம்தான் சரளம், நடுவில் இருக்கும் பெற்றோர் இரண்டையும் கலந்து பேசுபவர்கள். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பேரன்தான் மொழிபெயர்க்கவேண்டியதாகும். அவன் பாட்டி சொன்னதில் பாதியை விழுங்குவான், அம்மாவைக் குத்தும் சொல்லை மழுக்குவான். எந்த வேலையிலிருந்து அவனை விடுவிக்க வந்தோமோ, அதே வேலையைச் சிகிச்சை அறையிலும் அவன் கையில் கொடுத்ததாகும்.

வரமறுப்பவரை அழைக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். “உங்களுக்குத்தான் கோபம் அதிகம், வந்து பாருங்க” என்றால் எவரும் வரமாட்டார். “என்னால இதச் சமாளிக்க முடியல. நீங்க ஒரு தடவை கூட வந்தா எனக்கு உதவியா இருக்கும்” என்பது வேறு. ஒரு தடவை என்று சொன்னால் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏமாற்றி அழைத்துப்போகாதீர்கள். அப்படியும் வரவில்லையா? வருகிறவர்கள் போகலாம். முக்கோணத்தில் ஒருவர் நகர்ந்தாலே மற்ற இருவரும் நின்ற இடத்தில் நிற்கமுடியாது.

முதல் அமர்வில் நடப்பது

ஓர் அமர்வு பொதுவாக ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பேசியது வெளியே போகாது என்று ஆலோசகர் முதலில் சொல்வார். யாருடைய உயிருக்காவது ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்றால் அந்த உறுதி பொருந்தாது என்பதையும் சொல்வார். இங்கேயே ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: வீட்டில் ஒருவர் தனியாக அழைத்து ஒரு ரகசியத்தைச் சொன்னால் அதை என்ன செய்வீர்கள்? இதற்கு விடை தெரியாமல் தொடங்கினால், மூன்றாவது வாரம் யாராவது ஆலோசகரிடம் தனியே புலம்ப, அவரும் முக்கோணத்தில் மாட்டிக்கொள்வார்.

யார் எங்கே உட்காருகிறார்கள், யாரைக் கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் அவர் கவனித்துக்கொண்டிருப்பார். பெற்றோருக்கு நடுவில் பிள்ளை உட்கார்ந்தால் இடம் மாறச் சொல்லக்கூடும். குடும்பச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சல்வடோர் மினுச்சின் வழிவந்த முறையில் நாற்காலி மாற்றுவதும் சிகிச்சைதான். பிறகு தாளில் குடும்ப வரைபடம் ஒன்று போடுவார்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. பிறப்பு, இறப்பு, மணவிலக்கு, ஊர்விட்டு ஊர் வந்த ஆண்டு எல்லாம் அதில் ஏறும். தேதிகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம்.

அடுத்து வருவதுதான் முக்கியமானது. “என்ன பிரச்சினை?” என்பதோடு நிற்காமல், கடைசியாக நடந்த ஒரு சண்டையை எடுத்து, ஒவ்வோர் அடியாக “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே போவார். உயர்நிலை மூன்றில் படிக்கும் பையன், இரவு பதினொரு மணி, கையில் கைத்தொலைபேசி என்று வைத்துக்கொள்வோம். அம்மா அதட்டுகிறார். அவன் பதில் சொல்லாமல் திரும்பிக்கொள்கிறான். அம்மாவின் குரல் உயர்கிறது. உள்ளிருந்து பாட்டி, “புள்ளைய ராத்திரி நேரத்துல ஏன் திட்டுறே?” என்கிறார். அம்மா மகனை விட்டுவிட்டுக் கணவரைப் பார்த்து, “உங்கம்மா சொல்றதக் கேட்டீங்களா?” என்கிறார். அப்பா எழுந்து கீழ்த்தளத்துக்குப் போய்விடுகிறார். பையன் கைத்தொலைபேசியைத் தொடர்ந்து பார்க்கிறான்.

இப்படி வரிசையாகப் போட்டதும் ஒன்று தெரியும். மூன்றே நிமிடத்தில் சண்டை மகனிடமிருந்து மாமியாருக்கும், அங்கிருந்து கணவருக்கும் தாவிவிட்டது. தொடங்கிய விஷயத்தைப் பற்றி யாரும் பேசி முடிக்கவே இல்லை. யார் குற்றவாளி என்று தேடினால் ஆளுக்கு ஒரு நியாயம் இருக்கும். எந்த அடியை மாற்றலாம் என்று தேடினால் நான்கு இடம் கிடைக்கும். பாட்டி அந்த நேரத்தில் பேசாமல் இருந்து, மறுநாள் காலை மருமகளிடமே நேராகச் சொல்லலாம். அப்பா கீழே போகாமல் அம்மாவின் பக்கத்தில் வந்து நிற்கலாம். எங்கள் கருத்தில் இந்த இரண்டாவது மாற்றத்துக்கே பலன் அதிகம்: பதின்ம வயதுப் பிள்ளையின் முன்னால் பெற்றோர் இருவரும் ஒரே விதியைச் சொல்லும்போது பாட்டிக்கும் குறுக்கிடும் தேவை குறைகிறது.

‘மற்றவரைப் பற்றிய கேள்வி’யும் வரும். “அம்மா அழும்போது அப்பாவுக்கு என்ன தோணும்னு நினைக்கிறே?” என்று மகளைக் கேட்பார்கள். இத்தாலியின் மிலான் நகரக் குழுவினர் வளர்த்த உத்தி இது. வேவு பார்க்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். தான் வெளியே எப்படித் தெரிகிறோம் என்று ஒருவர் குற்றச்சாட்டு இல்லாமல் கேட்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு அது.

வீட்டில் செய்யவேண்டியது

மாற்றம் நிற்பதும் கலைவதும் அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களில்தான். பெரும்பாலும் மூன்று பயிற்சிகள் தருவார்கள்.

முதலாவது, நேர்ப்பேச்சு. ஒருவர் ஐந்து நிமிடம் பேச, மற்றவர் கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லவேண்டும். “நீங்க சொல்றது இதுதானே?” என்று கேட்டு, ஆமாம் என்று வந்தபிறகே தன் முறை. பேசுபவர் ஒரு நிகழ்ச்சி, தன் மனநிலை, ஒரு வேண்டுகோள் என்ற மூன்றோடு நிற்கவேண்டும். “நீங்க எப்பப் பாத்தாலும் என்னை மட்டந்தட்டுறீங்க” என்பதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. “அத்தை, நேத்து விருந்தாளி முன்னாடி குழம்புல உப்பு இல்லேன்னு சொன்னப்ப எனக்கு அவமானமா இருந்துச்சு. அடுத்த தடவை என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க” என்பதில் செய்யத்தக்கது ஒன்று இருக்கிறது. யாரையோ பார்த்து யாருக்கோ சொல்லும் சாடைப்பேச்சு இந்தப் பயிற்சியில் அறவே கூடாது. பூனையைத் திட்டுவதுபோல் மருமகளைத் திட்டுவதும் அதில் அடக்கம்.

இரண்டாவது, இடைவேளை. தம்பதியரை ஆய்வுக்கூடத்தில் கவனித்த உளவியலாளர் ஜான் காட்மன், நெஞ்சு படபடக்கும் நிலையில் காது கேட்டாலும் மனம் வாங்காது என்று காட்டினார். உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆனால் சொல்லாமல் எழுந்துபோனால், விட்டுவிட்டுப் போய்விட்டதாகவே மற்றவருக்குப் படும். ஆகவே, “எனக்குக் கோபம் தலைக்கேறுது. கீழ நடந்துட்டு ஒன்பதரைக்கு வந்து பேசுறேன்” என்று இடமும் நேரமும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரத்தில் அக்காவுக்கு போன் போட்டுப் புலம்பினால் படபடப்பு அடங்காது, இன்னொரு முக்கோணமும் பிறக்கும். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவது மிக முக்கியம். இரண்டு முறை தவறினால் இந்த முறையை வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது, வாரக் கூட்டம். 30 நிமிடம், ஒரே ஒரு விஷயம். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், சோறு தொண்டையில் சிக்கும். பேசவேண்டியதை வாரம் முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் எழுதி வரலாம். நம் வீடுகளில் மூத்தவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாய்திறக்கமாட்டார்கள். எனவே கூட்டத்தைத் தொடங்கி வைக்கும் மரியாதையைத் தாத்தா பாட்டிக்குக் கொடுத்து, முதல் பேச்சைக் கடைக்குட்டிக்குக் கொடுங்கள். எடுக்கும் முடிவு இரண்டு வாரச் சோதனை என்று வைத்துக்கொண்டால் விட்டுக்கொடுப்பது எளிது.

எங்கே சறுக்கும்

ஆலோசகரைத் தீர்ப்புச் சொல்லும் பெரியவராக எண்ணி வருவது முதல் சறுக்கல். அவர் யார் பக்கமும் சாயமாட்டார். சாய்ந்ததாக உங்களுக்குத் தோன்றினால் மனதில் வைத்துக் குமுறாமல் அறையிலேயே சொல்லிவிடுங்கள்.

அறையில் அழுதபடி சொன்ன ஒன்றை வீட்டுச் சண்டையில் ஆயுதமாக எடுப்பது அதைவிட மோசம். “அன்னிக்கே அவர்கிட்ட ஒத்துக்கிட்டியே!” என்ற ஒரு வாக்கியம் போதும், அடுத்த அமர்வில் எல்லார் வாயும் அடைத்துவிடும். அங்கே பேசியதை வீட்டில் கிளறுவதில்லை என்று தொடக்கத்திலேயே உடன்பாடு செய்துகொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். எழுத்தில் குரலின் தணிவு தெரியாது, ஊரிலிருக்கும் சித்தப்பாவும் படித்துக்கொண்டிருப்பார்.

நான்கைந்து அமர்வுக்குள் சண்டை கூடினால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். தூதுபோவதை மகன் நிறுத்தியதும் அம்மாவுக்கு அவன் மாறிவிட்டதாகத் தோன்றும், மனைவிக்குக் கைவிட்டதாகத் தோன்றும். இருவரும் அவனைப் பழைய இடத்துக்கு இழுப்பார்கள். அந்த இழுப்பில்தான் குரல் உயர்கிறது. அவன் சொல்லவேண்டியது ஒன்றுதான்: “இத நீங்க அவகிட்டயே கேளுங்கம்மா. நான் பக்கத்துல இருக்கேன்.” ஆனால் சண்டை கூடுவது வேறு, பயம் கூடுவது வேறு. பயம் கூடினால் மேலே சொன்ன தொலைபேசி எண்களுக்குப் போகவேண்டும்.

இதற்கு நேர்மாறான சறுக்கலும் உண்டு. இரண்டு வாரம் வீடு அமைதியாக இருந்ததும் சரியாகிவிட்டது என்று நின்றுவிடுவது. பல குடும்பங்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு அமர்வுகள் தேவைப்படலாம். முடிவை நெருங்கும்போது இடைவெளியை மாதம் ஒன்றாக நீட்டி, நடுவில் வரும் சண்டையை வீட்டார் தாங்களே தீர்க்கிறார்களா என்று பார்ப்பார்கள். புதுக் குழந்தை, மகன் தேசிய சேவைக்குப் போவது, தாத்தா படுக்கையில் விழுவது போன்ற மாற்றங்களில் பழைய முக்கோணம் திரும்ப எழுவது சகஜம். அப்போது ஓர் அமர்வு மட்டும் கேட்டுப் போய்வரலாம். கோப்பு முடிந்துவிட்டதே என்று தயங்கவேண்டாம், அதே நிலையத்தை அழைத்து முன்பு பார்த்த ஆலோசகரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.