பிளாப்பி எமுலேட்டர் வாங்கும் முன்

ராயபுரத்துக் கடற்காற்றின் ஈரத்தில் பிளாப்பி வட்டுகளில் பூஞ்சை படர்ந்துவிடுவதால், பழைய கணினி வைத்திருப்போர் பிளாப்பி டிரைவின் இடத்தில் பொருத்திப் பென் டிரைவைச் செருகக்கூடிய கோடெக் (Gotek) எமுலேட்டரை நாடுவது நியாயமே. ஆனால் 1.44 எம்பி வட்டுகளுக்கென்றே விற்கப்படும் வகை, அதிலேயே வரும் மென்பொருளோடு அமிகா என்னும் பழைய கணினியின் 880 கேபி வட்டுகளுக்கு உதவாது. ஆகவே அவற்றுக்கும் உதவும் பிளாஷ்பிளாப்பி என்னும் இலவச மென்பொருளை ஏற்கக்கூடிய சிப் அதில் உள்ளதா என்று கடைக்காரரிடம் கேட்பதைவிட, உறையைத் திறந்து எஸ்டிஎம்32எஃப்105 அல்லது ஏடி32எஃப்415 என்ற எழுத்தைக் கண்ணால் பார்த்து வாங்குவதே நல்லது.

இணைப்பு முறையையும் கவனியுங்கள்: பிளாப்பி கேபிளின் 34ஆம் பின் (இணைப்பு ஊசி), ஐபிஎம் பிசியில் வட்டு மாறியதைத் தெரிவிக்கும், ஷுகார்ட் என்னும் மற்றோர் இணைப்பு முறையிலோ டிரைவ் தயார் என்று சொல்லும். மின்இணைப்பைத் தலைகீழாகச் செருகினால் 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து கருவி கருகிவிடும்.