அச்சுக் கையேட்டை வைத்து ரீப்பர் ஒலிப்பதிவு மென்பொருளைக் கற்கும் முறை

ஒலிப்பதிவு மென்பொருள்களுக்கு எழுதப்படும் கையேடுகள் பெரும்பாலும் திரையில் எங்கே என்ன இருக்கிறது என்ற வரிசையில் அமைந்திருக்கும். ஒலியோ மைக்கில் நுழைந்து முடிந்த கோப்பாக வெளியே வரும் வரை வேறொரு வழியில் செல்கிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த பிறகு பதிவில் இறங்கலாம் என்று எண்ணுபவர்கள் பாதியில் சோர்ந்துபோவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. ஆகவே நூலின் அத்தியாய வரிசையை விட்டுவிட்டு, ஒலி செல்லும் வழியைப் பின்தொடர்ந்து படிப்பதே நல்லது. இங்கே விண்டோஸ் கணினியில் இயங்கும் ரீப்பரை எடுத்துக்கொண்டு அதைச் சொல்கிறேன். கியூபேஸ், லாஜிக் போன்றவற்றின் கையேடுகளையும் இப்படியே அணுகலாம்.

ரீப்பரைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பாட்டுக் கேட்கும் மென்பொருளான வின்ஆம்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் கோக்கோஸ் நிறுவனம் வெளியிடும் இது, 60 நாட்களுக்கு எந்த வசதியும் குறைக்கப்படாமல் இலவசமாகக் கிடைக்கிறது. தனிநபருக்கான சலுகை உரிமத்தின் விலை 60 டாலர். இரண்டாவது காரணம், இதன் பயனர் கையேடு நானூறு பக்கங்களைத் தாண்டும் அளவுக்கு விரிவானது என்பதும், அதன் பிடிஎஃப் வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதும் ஆகும். முழுவதையும் அச்சிடத் தேவையில்லை. ஒலிக்கருவி அமைப்பு, பதிவு, வெட்டி ஒட்டுதல், மிக்சிங் (பதிந்தவற்றை அளவாகக் கலத்தல்), இறுதிக் கோப்பு எடுத்தல் ஆகிய பகுதிகளை மட்டும் நகலகத்தில் அச்செடுத்து, மேசைமேல் விரித்தபடி கிடக்கும் வகையில் ஸ்பைரல் பைண்டிங் செய்துகொண்டால் போதுமானது.

ஏற்கெனவே அச்சான நூல் கையில் இருந்தால், முதலில் அது எந்தப் பதிப்பு மென்பொருளுக்காக எழுதப்பட்டது என்பதைப் பாருங்கள். ரீப்பரின் ஏழாம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தபோது, ஒரே ட்ராக்கில் (ஒலி பதியும் தடத்தில்) பல முறை பாடியவற்றை அடுக்கிவைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை கணிசமாக விரிவடைந்தது. ஆறாம் பதிப்புக்கான நூலில் அந்தப் பகுதி திரையோடு பொருந்தாது. அதற்காக நூலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பட்டன்களின் இடமும் மெனுக்களின் பெயரும் மாறுமே தவிர, ஒலியின் வழி இந்தப் பதிப்புகளில் பெரிதாக மாறவில்லை.

முதல் வாசிப்பைக் கணினி இல்லாமலேயே செய்யுங்கள். மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி), ட்ராக், அந்த ட்ராக்கிலுள்ள எஃபெக்ட்கள் (ஒலியை மாற்றியமைப்பவை), அதன் ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு), மாஸ்டர் ட்ராக் (எல்லா ட்ராக்கும் வந்து சேரும் இடம்), இறுதிக் கோப்பு என்று ஒலி கடக்கும் இடங்களை ஒரு தாளில் நீங்களே வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் நூலில் அதைப் பற்றிய பக்க எண்ணைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பொருளடக்கத்தைவிட நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு இதற்கு அதிகம் உதவும். ஒரே செய்தி மூன்று இடங்களில் பேசப்பட்டிருப்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, ஒரு சிறிய வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நூலின் உதாரணங்கள் கிட்டார், ட்ரம்ஸ், பேஸ் என்று மேற்கத்திய இசைக்குழுவைச் சுற்றியே அமைந்திருக்கும். உங்களுக்கு மூன்று நிமிடக் கீர்த்தனை ஒன்றைச் சுருதிப்பெட்டியோடு பாடிப் பதிவு செய்வதுதான் வேலை என்றால், அதையே உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். சுருதியை முதலில் ஒரு ட்ராக்கில் தனியாகப் பதிந்துவிட்டு, பாடும்போது அதை ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள். அப்போதுதான் குரல் ட்ராக்கில் சுருதி கசியாது.

இனி கணினியைத் திறக்கலாம். கன்ட்ரோல், பி விசைகளை அழுத்தினால் அமைப்புகளுக்கான சாளரம் திறக்கும். அங்கே ஆடியோ பிரிவில் டிவைஸ் என்ற பக்கத்தில் உங்கள் இன்டர்ஃபேஸின் ஏசியோ டிரைவரை (தாமதம் குறைவாக ஒலியைக் கடத்தும் இணைப்பு மென்பொருளை) தேர்ந்தெடுக்க வேண்டும். நூல் இந்த இடத்தில் பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) என்ற சொல்லை ஒரு வரியில் கடந்துபோனாலும் நீங்கள் சற்று நிற்பது நல்லது. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு) வீதம் பதியும்போது, பஃபர் 512 சாம்பிள் என்றால் ஒரு திசையில் மட்டும் ஏறத்தாழ 10.7 மில்லிநொடி தாமதம் ஏற்படும். 128 என்று குறைத்தால் அது 2.7 மில்லிநொடியாகிவிடும். உள்ளே வருவது, வெளியே போவது என்று இரண்டு திசைகளையும் கூட்டினால், 512 பஃபரில் பாடுபவருக்குத் தம் குரல் சற்றுப் பின்தங்கி ஒலிப்பது நன்றாகவே தெரியும். பதியும்போது பஃபரைக் குறைப்பதும், எஃபெக்ட்கள் பெருகிக் கணினி திணறும் மிக்சிங் கட்டத்தில் அதைக் கூட்டுவதும் வழக்கம். இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் குரலைக் கேட்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொண்டு, ரீப்பர் ட்ராக்கிலுள்ள மானிட்டர் பட்டனை அணைத்துவிடலாம்; இரண்டும் இயங்கினால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

கன்ட்ரோல், டி விசைகள் புதிய ட்ராக்கை உருவாக்கும். அதிலுள்ள சிவப்பு பட்டனை அழுத்தி, மைக் செருகியிருக்கும் இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். கன்டென்சர் மைக் என்றால் அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பட்டனையும் இன்டர்ஃபேஸில் போட்டாக வேண்டும். இங்கேதான் புத்தகத்தைக் கவனமாகப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வேறுபாடு தெரியும். ட்ராக்கின் ஃபேடரை ஏற்றினாலும் இறக்கினாலும் பதிவாகும் ஒலியின் அளவு இயல்பான அமைப்பில் மாறாது. ஃபேடர், பதிந்ததை நாம் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறோம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. பதிவின் அளவை இன்டர்ஃபேஸிலுள்ள கெயின் குமிழால்தான் கட்டுப்படுத்த வேண்டும். நீங்கள் வரைந்த தாளைப் பார்த்தால் காரணம் புரியும்: கெயின் குமிழ் கணினிக்கு முன்னால் இருக்கிறது, ஃபேடரோ பதிவுக்குப் பின்னால் இருக்கிறது. பாட்டின் உச்சமான இடத்தைப் பாடிப் பார்த்து, மீட்டர் −18 முதல் −12 டெசிபெல்லுக்குள் நிற்கும்படி குமிழை வையுங்கள். 24 பிட் பதிவில் இவ்வளவு இடம் விடுவதால் தரம் குறையாது. ஆனால் பூஜ்ஜியத்தைத் தாண்டி நசுங்கிய குரலை எந்த ப்ளக்இன்னாலும் (கூடுதல் எஃபெக்ட் மென்பொருளாலும்) முழுமையாக மீட்க முடியாது.

பதியத் தொடங்கும் முன்பே ப்ராஜெக்டை, அதாவது இந்தப் பாட்டுக்கான ரீப்பர் வேலைக்கோப்பை, தனிக் கோப்புறையில் சேமித்துவிடுங்கள். சேமிக்கும் சாளரத்தில் அதற்கென்றே ஒரு தேர்வுக்கட்டம் உண்டு.

தாளத்தைப் பற்றி மேற்கத்திய நூல் உங்களுக்குச் சொல்லாத சிலவற்றை இங்கே சேர்க்கிறேன். ரீப்பர் புதிய ப்ராஜெக்டை நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் 4/4 கணக்கில் திறக்கும். ஆல்ட், என்டர் விசைகளை அழுத்தி மிச்ர சாபுவுக்கு 7/8 என்றும், கண்ட சாபுவுக்கு 5/8 என்றும் மாற்றிக்கொள்ளலாம். ஆதி தாளத்துக்கு 4/4 கணக்கில் இரண்டு பார் (நான்கு தட்டு கொண்ட அலகு) சேர்ந்தால் ஓர் ஆவர்த்தனம். வேகத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமின் ஒலி இயல்பாக இறுதிக் கோப்பில் சேராது, ஆனால் ஹெட்ஃபோனிலிருந்து மைக்குக்குள் கசியும் என்பதால் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆலாபனைக்குத் தாளக் கட்டங்களால் பயனில்லை. ஆல்ட், எஸ் அழுத்தி ஸ்னாப் வசதியை அணைத்துவிட்டால், வெட்டும் இடம் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டு தொல்லை தராது.

வெட்டி ஒட்டும் பகுதியைப் படிக்கும் முறை வேறு. ஒரு பக்கத்தைப் படியுங்கள், நூலை மூடுங்கள், அதன்பின் திரையில் செய்து பாருங்கள். எஸ் விசை, கர்சர் நிற்கும் இடத்தில் ஒலித்துண்டை இரண்டாக்கும். கன்ட்ரோல், இசட் செய்ததைத் திரும்பப் பெறும். வெட்டினாலும் வட்டிலிருக்கும் மூல ஒலிக்கோப்பு அப்படியே இருக்கிறது. துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மறைந்த பகுதி மீண்டும் தெரியும். இதை நூலில் படித்து நம்புவதைவிட, வேண்டுமென்றே ஒரு வரியை வெட்டி நீக்கி, பக்கத்துத் துண்டின் ஓரத்தை இழுத்து அதை மீட்டுப் பார்ப்பது பயத்தைப் போக்கும். மூடிய நூலைத் திறக்க நேர்ந்த இடங்களில் ஒரு கோடு போட்டுவையுங்கள். மறுநாள் அந்தப் பக்கங்களை மட்டும் படித்தால் போதும்.

நூல் சொல்லும் மெனு திரையில் இல்லாவிட்டால், தேடி அலையாமல் கேள்விக்குறி விசையை அழுத்துங்கள். ரீப்பரின் அத்தனை கட்டளைகளும் ஒரு பட்டியலாகத் திறக்கும். மேலேயுள்ள கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் அது சார்ந்தவை மட்டும் நிற்கும், அவற்றின் குறுக்குவிசைகளும் பக்கத்திலேயே தெரியும். பழைய நூலையும் புதிய பதிப்பையும் இணைக்கும் பாலம் இதுவே. கண்டுபிடித்த புதிய பெயரை நூலின் ஓரத்தில் எழுதிவைத்துவிடுங்கள்.

மிக்சிங் பகுதியை மெதுவாகப் படிக்க வேண்டும். ஒரு ட்ராக்கில் எஃபெக்ட்கள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன, அவற்றுக்குப் பிறகே ஃபேடர் வருகிறது என்பதை அறிந்தால், கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் எஃபெக்ட்) போட்ட குரலை ஃபேடரால் குறைத்தும் கம்ப்ரெஸரின் அழுத்தம் ஏன் மாறவில்லை என்பது விளங்கும். ரீப்பரோடு வரும் ரீஇக்யூ (ஒலியின் தொனியைச் சரிசெய்வது), ரீகாம்ப் (கம்ப்ரெஸர்) ஆகிய இரண்டே முதல் பாட்டுக்குப் போதும். விலை கொடுத்து ப்ளக்இன் வாங்க இப்போது அவசரமில்லை.

கன்ட்ரோல், ஆல்ட், ஆர் அழுத்தி இறுதிக் கோப்பை 24 பிட் வேவ் வடிவில் எடுங்கள். ரிவெர்ப் போட்டிருந்தால், அதன் எதிரொலி முடிவதற்குள் கோப்பு வெட்டுப்படாமல் இருக்க டெயில் என்ற தேர்வை இயக்கிச் சில நொடிகள் கூட்டுங்கள். மேக்ரோ, ஸ்க்ரிப்ட், தீம் ஆகியவற்றைப் பற்றிய அத்தியாயங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். ப்ராஜெக்ட் டெம்ப்ளேட் பற்றிய சிறு பகுதியை மட்டும் இன்றே படியுங்கள்: சுருதி ட்ராக், குரல் ட்ராக், இன்புட் தேர்வு, எஃபெக்ட்கள் எல்லாம் அமைந்த இந்த ப்ராஜெக்டிலிருந்து பதிந்த ஒலித்துண்டுகளை நீக்கி, ஃபைல் மெனு வழியாக டெம்ப்ளேட்டாகச் சேமித்துவைத்தால், அடுத்த கீர்த்தனைக்கு நேராகச் சிவப்பு பட்டனிலிருந்தே தொடங்கலாம்.