வீகன் விருந்தினர் வரும் இரவு: எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, படிப்படியாக

ராத்திரி சாப்பிட வரும் நண்பர் வீகன் என்று தெரிந்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். வழக்கமாகச் செய்யும் விருந்தை மனதில் ஓடவிட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்குவோம். வெண்ணெய் வேண்டாம், க்ரீம் வேண்டாம், முட்டை வேண்டாம். கழித்துக் கழித்துக் கடைசியில் அவர் தட்டில் மிஞ்சுவது வெறும் சோறும் வெந்த காயும்தான்.

முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். மற்றவர்களுக்கு நாலு வகை, அவருக்கு மட்டும் ஓரமாக ஒரு கிண்ணம். நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் சாப்பிட்டார். ஆனால் ஒவ்வொரு பாத்திரமும் அவரைத் தாண்டி அடுத்தவர் கைக்குப் போனது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு முடிவோடு இருக்கிறேன்: மேசைக்கு வரும் எல்லாமே எல்லோரும் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். யாரும் யாரிடமும் "இதில் பால் இருக்கா?" என்று கேட்கும் நிலை வரக்கூடாது.

அப்படி ஒரு சாப்பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தேங்காய்ப்பாலில் கொண்டைக்கடலைக் குழம்பு, சோறு, வாணலியில் சிவக்க வறுத்த காலிஃபிளவர், வெள்ளரிக்காய் சாலட், கடைசியில் ஆரஞ்சும் பேரீச்சையும். ஆறு பேருக்கான அளவு. இதற்கு முன் விருந்தே சமைத்ததில்லை என்றாலும் தாராளமாக இறங்கலாம்.

வீகன் என்றால் எதுவரை?

சைவம் என்று நாம் சொல்வதில் பாலும் தயிரும் நெய்யும் உண்டு. வீகன் உணவில் அவையும் கிடையாது. விலங்கிலிருந்து வரும் எதுவும் வேண்டாம் என்பதுதான் கணக்கு. அதனால் தேனும் சேராது. தமிழில் இதை நனிசைவம் என்றும் சொல்கிறார்கள். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் தனிச் சங்கம் தொடங்கியபோது உருவான சொல் 'வீகன்'. 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் எடுத்து ஒட்டிய சொல் அது.

பால், முட்டை, இறைச்சியை யாரும் தவறிப்போய்ப் போட்டுவிட மாட்டார்கள். சிக்கல் வருவது பாக்கெட்டுகளில்தான். லேபிளில் வே, கேசின், கேசினேட், லாக்டோஸ் என்றிருந்தால் அது பாலிலிருந்து வந்தது. ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. கார்மைன் அல்லது இ120 என்ற சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து வருவது. ரொட்டியில் பால்பவுடர் இருக்கலாம், மேலே முட்டை தடவியிருக்கலாம். சூப் கட்டிகள், மார்ஜரின், டார்க் சாக்லேட் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பால் சேராதது என்று விற்கும் சில காபி க்ரீமர்களில்கூட கேசினேட் இருக்கும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் கீழே உள்ள சாப்பாட்டில் முழுப் பொருள்களாகவே எடுத்திருக்கிறேன். லேபிள் படிக்க வேண்டியவை இரண்டே இரண்டு: தேங்காய்ப்பால் டின், சோயா சாஸ் பாட்டில்.

இரண்டு நாள் முன்பு: ஒரு போன்

"என்னவெல்லாம் சாப்பிடுவீங்க?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்வதே அவர்களுக்கு ஒரு வேலை. நீங்கள் செய்யப்போவதைச் சொல்லிவிட்டு, "ஏதாவது ஒத்துக்காதது உண்டா?" என்று மட்டும் கேளுங்கள். கொட்டைகள், சோயா, கோதுமை, எள் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை இருப்பவர்கள் உண்டு. வீகன் என்பது அவர் கொள்கை, ஒவ்வாமை உயிர் சம்பந்தப்பட்டது. இதை மற்ற விருந்தினர்களிடமும் கேட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

குழம்புக்கு: காய்ந்த கொண்டைக்கடலை 300 கிராம், பெரிய வெங்காயம் 4, நன்றாகப் பழுத்த தக்காளி 600 கிராம், தேங்காய்ப்பால் 400 மில்லி, பூண்டு 6 பல், கட்டைவிரல் நீளம் இஞ்சி, சீரகம் ஒன்றரை டீஸ்பூன், மல்லித்தூள் ஒரு டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், எண்ணெய், உப்பு, கொத்தமல்லித்தழை.

மற்றவை: அரிசி 450 கிராம், பெரிய காலிஃபிளவர் ஒன்று, வெள்ளரிக்காய் 3, எலுமிச்சை 3, வறுத்த எள் கொஞ்சம், ஆரஞ்சு 5, பேரீச்சை 12, ஒரு கைப்பிடி பாதாம்.

முதல் நாள் இரவு: கடலை ஊறட்டும்

கடலையைக் கழுவி, நாலு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். அதில் ஒரு டீஸ்பூன் உப்பு போடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறினால் தோல் இளகி, வேகும்போது சீராக மெத்தென்று ஆகும். 8 முதல் 12 மணி நேரம் வேண்டும். ஊறி இரண்டு மடங்குக்கு மேல் பெருகும் என்பதால் பெரிய பாத்திரமாக எடுங்கள்.

மறந்துவிட்டீர்களா? பரவாயில்லை, டின்னில் வரும் வெந்த கடலை வாங்கிக்கொள்ளலாம். 400 கிராம் டின்னில் தண்ணீர் வடித்தால் ஏறக்குறைய 240 கிராம் கடலை இருக்கும், மூன்று டின் போதும்.

மதியம்: கடலையை வேகவைக்கவும்

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். ஆவி தானாக அடங்கிய பிறகு ஒரு கடலையை எடுத்து இரு விரலுக்கு நடுவே அழுத்துங்கள். நடுவில் கல் போல எதுவும் தட்டாமல் நசுங்க வேண்டும். தட்டினால் இன்னும் 5 நிமிடம். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், குழம்புக்கு அதுதான் சாறு.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். கடலை முழுதாக வெந்த பிறகுதான் தக்காளியோடு சேர வேண்டும். புளிப்பு இருக்கும் இடத்தில் பருப்பு வகைகள் லேசில் இளகாது. வேகாத கடலையைத் தக்காளியில் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் அடுப்பருகே காத்துக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

மாலை 5 மணி: வெங்காயம்

இந்தச் சாப்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாலும் வெண்ணெயும் இல்லாத உணவு சப்பென்று இருக்கும் என்ற எண்ணத்துக்குக் காரணம், அவை தரும் கனத்துக்கு ஈடாக வேறெதையும் சேர்க்காமல் விடுவதுதான். அந்த ஈடு நமக்கு மூன்று இடத்தில் கிடைக்கும்: சிவந்த வெங்காயம், சுண்டிய தக்காளி, சோயா சாஸ்.

அடி கனமான அகலப் பாத்திரத்தில் நாலு டேபிள்ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும் சீரகம் போடுங்கள். பொரிந்ததும் மெல்லியதாக அரிந்த வெங்காயமும் அரை டீஸ்பூன் உப்பும். நடுத்தரத் தீ. முதல் 5 நிமிடம் பாத்திரம் சளசளவென்று சத்தம் போடும். அது வெங்காயத்தின் தண்ணீர் வெளியேறும் சத்தம். அந்தச் சத்தம் அடங்கி, மெல்லிய பொரியல் சத்தமாக மாறும்போதுதான் வெங்காயம் நிறம் மாறத் தொடங்கும். முதலில் ஓரங்கள் மஞ்சளாகும். 12, 13 நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். பயப்படாதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்துக் கரண்டியால் சுரண்டினால் படலம் கரைந்து வெங்காயத்தோடு சேர்ந்துவிடும். இப்படி இரண்டு மூன்று தடவை. 20 நிமிடத்தில் வெங்காயம் பாதியாகச் சுருங்கி, வெல்லம் போன்ற நிறத்துக்கு வரும். பல சமையல் குறிப்புகள் 5 நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று எழுதுகின்றன. 5 நிமிடத்தில் ஆகாது, நம்ப வேண்டாம்.

5.30: தக்காளி, கடலை, தேங்காய்ப்பால்

நசுக்கிய இஞ்சி பூண்டைப் போட்டு ஒரு நிமிடம். தீயைக் குறைத்துத் தூள்களைப் போட்டு அரை நிமிடம், கருகிவிடக் கூடாது. உடனே பொடியாக நறுக்கிய தக்காளியைக் கொட்டுங்கள். அது குழைந்து, சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரியும் வரை 12 முதல் 15 நிமிடம் ஆகும். கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு நொடியாவது நிற்க வேண்டும்.

அப்புறம் வெந்த கடலையும் அதன் தண்ணீர் இரண்டு கப்பும். ஒரு கரண்டி கடலையை மட்டும் தனியே எடுத்து மசித்துச் சேர்த்தால், மாவோ க்ரீமோ இல்லாமலே குழம்பு கெட்டியாகும். சோயா சாஸ் ஊற்றி, மூடி வைத்து 15 நிமிடம் கொதிக்கட்டும். சோயா சாஸின் மணம் தனியாகத் தெரியாது, ருசிக்கு அடியில் நின்று தாங்கும். பெரும்பாலான சோயா சாஸில் கோதுமை இருக்கும் என்பதால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வந்தால் இதை விட்டுவிட்டு உப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியில் தீயைச் சிறிதாக்கித் தேங்காய்ப்பால். ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழி எழும்பினால் போதும். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து, எண்ணெய் தனியே மிதக்கும். 5 நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு அரை எலுமிச்சை பிழியுங்கள். உப்பு பார்ப்பது இந்தப் புளிப்புக்குப் பிறகுதான். முன்பே பார்த்தால் கூடுதலாகப் போட்டுவிடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கை பழகிய பழக்கம் விடாது. இறக்கும்போது வாசனைக்கு ஒரு துண்டு வெண்ணெய் போடுபவர்கள், அன்று காலையிலேயே வெண்ணெய் டப்பாவை ஃப்ரிட்ஜின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுங்கள். ஒருமுறை எல்லாம் முடிந்த நேரத்தில் என் கை தானாகவே அதைப் போட்டுவிட்டது. முழுப் பாத்திரத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இருந்த அரை மணி நேரத்தில் முதலிலிருந்து வேறு செய்தேன். 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று பரிமாற மனம் வரவில்லை. நம்பிக் கை நீட்டுபவருக்கு அப்படிச் செய்யக் கூடாது.

6.30: சோறும் சாலடும்

அரிசியை நீங்கள் எப்போதும் வடிக்கிறபடியே வடியுங்கள், அதில் புதிதாக எதுவும் இல்லை. வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, ஒரு எலுமிச்சையின் சாறும் கொத்தமல்லியும் சேர்த்து வையுங்கள். உப்பை மட்டும் பரிமாறும் நேரத்தில் போடுங்கள், முன்பே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். எள்ளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியவர்கள் தூவிக்கொள்வார்கள்.

7 மணி: காலிஃபிளவர்

பூக்களைப் பெரிதாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நடுவில் இரண்டாக வெட்டுங்கள். வெட்டிய பக்கம் தட்டையாக இருப்பதால் வாணலியோடு ஒட்டி உட்காரும். முக்கியம், ஈரமே இருக்கக் கூடாது. துணியில் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் வறுபடாமல் ஆவியில் வெந்து குழைந்துவிடும்.

அகன்ற வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும், தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். பிறகு 4 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கிளற வேண்டாம். ஒன்றைத் திருப்பிப் பார்த்து, அடியில் ஆழ்ந்த பழுப்பு வந்திருந்தால் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, உப்பு தூவி, மூடி இன்னும் 3 நிமிடம். இரண்டு மூன்று தவணையாகச் செய்யுங்கள். ஒரேயடியாகக் குவித்தால் நிறமே வராது.

பரிமாறும்போது

எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். "இது வீகன் சாப்பாடு" என்று அறிவிக்கத் தேவையில்லை. வீகன் நண்பரிடம் மட்டும், வந்து உட்காரும்போதே, "மேசையில் இருக்கிற எல்லாமே நீங்க சாப்பிடலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். அவர் முகத்தில் வரும் நிம்மதியைப் பாருங்கள்.

இனிப்புக்கு ஆரஞ்சைத் தோல் சீவி வட்டமாக வெட்டி, கொட்டை நீக்கிய பேரீச்சையைக் கிழித்துப் போட்டு, அரை மணி நேரம் குளிர வைத்திருங்கள். வறுத்து நொறுக்கிய பாதாம் கடைசி நிமிடத்தில். பாதாம் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் அதைக் கொண்டுவரவே வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு காபி கேட்டால்? சோயா பாலைச் சூடான காபியில் நேரே ஊற்றினால் பெரும்பாலும் திரிந்துவிடும். காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. பாலை முதலில் வெதுவெதுப்பாகச் சூடாக்கிக் கோப்பையில் ஊற்றி, அதன்மேல் காபியை மெல்ல ஊற்றுங்கள். ஓட்ஸ் பாலில் இந்தத் தொல்லை குறைவு. அன்று எல்லோருக்கும் அதே பாலில் காபி போடுங்கள்.