ஸ்டெய்ன்லெஸ் கத்தியில் செதில் படியாமல் பதம் போடுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லோரி ஸ்பிரிங் பட்டையை அடித்துப் பாராங் என்னும் வெட்டுக்கத்தி செய்தவர்கள், சூட்டில் காற்றுப் பட்டு எஃகின்மேல் படியும் செதிலைப் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. பதம் போட, அதாவது சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்க, அந்தக் கார்பன் எஃகு 850 டிகிரி செல்சியஸ் அளவில் சற்று நேரம் சிவந்தால் போதும். மேலே படியும் மெல்லிய கருஞ்செதிலைச் சாணைக்கல் எடுத்துவிடும். ஸ்டெய்ன்லெஸ் எஃகு அப்படியன்று. அதிலுள்ள குரோமியம் கார்பைடுகள் (குரோமியமும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்கள்) கரைவதற்கு 1,000 டிகிரிக்கும் மேல் சூடேற்றி, அதே சூட்டில் நிறுத்திவைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் காற்றுப் பட்டால் செதில் தடித்துப் படிவதோடு மேற்பரப்பிலுள்ள கார்பனும் வெளியேறிவிடும் என்பதால், செதிலைத் தேய்த்தெடுத்த பின்பும் அடியில் ஒரு மென்மையான தோல் எஞ்சி, கத்தியின் கூர்மை நிற்காமல் போகும்.

எடுத்துக்காட்டாக ஏஇபி-எல் எஃகை எடுத்துக்கொள்வோம். சுவீடனில் சவர பிளேடுகளுக்காக உருவாக்கப்பட்ட இந்த எஃகில் சுமார் 0.67 விழுக்காடு கார்பனும் 13 விழுக்காடு குரோமியமும் உள்ளன. மின்உலையில் 1,075 டிகிரியில் 15 நிமிடம் வைப்பது என் வழக்கம்.

முதலில், கத்தியை அசிட்டோனால் துடைத்து, அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்வை எளிதில் பதியும். அந்த ரேகை உலையிலிருந்து கறையாகவே திரும்பி வரும்.

அடுத்தது, உலையில் காற்றுப் படாமல் கத்தியை மூடிவைக்கும் உறை. இதற்கு 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டெய்ன்லெஸ் ஃபாயில் வேண்டும். சமையலறை அலுமினிய ஃபாயிலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அது 660 டிகிரியில் உருகிக் கத்தியின்மேல் ஒட்டிக்கொள்ளும். 321 ரக ஃபாயில் ஏறத்தாழ 1,090 டிகிரி வரைதான் தாங்கும் என்பதால், விலை கூடினாலும் நான் 309 ரகத்தையே வாங்குகிறேன். பூசிக் காயவிடும் காப்புப் பசைகளும் உண்டு. ஆனால் இந்தச் சூட்டுக்கும் நேரத்துக்கும் உறையையே நான் நம்புகிறேன்.

வேலையின் உயிர் மடிப்பில்தான் இருக்கிறது. தோல் கையுறை இல்லாமல் தொடங்காதீர்கள். ஃபாயிலின் ஓரம் சவர பிளேடு போலவே அறுக்கும். ஃபாயில் தாளை இரண்டாக மடித்துக் கத்தியை நடுவில் வைத்து, திறந்த மூன்று பக்கங்களில் இரண்டை, விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பும் அதன்மேல் இன்னொரு மடிப்புமாக மடித்து, உருண்டைக் கட்டையால் உருட்டி அழுத்துங்கள். சுத்தியலால் தட்டினால் மடிப்பு கிழியும். கத்தியின் முனைக்கு முன்னால் இரண்டு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். மூன்றாம் பக்கத்தை மூடுவதற்கு முன், கைப்பிடிப் பக்கமாகத் தபால்தலை அளவில் ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே போடுங்கள். அது எரியும்போது உறைக்குள் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். காகிதத்தை அதிகமாகப் போட்டால் புகை பெருகி உறை உப்பும். பிறகு காற்றை மெல்ல அழுத்தி வெளியேற்றிவிட்டு, அந்தப் பக்கத்தையும் இரட்டை மடிப்பாக மூடுங்கள்.

ஊசிமுனை அளவு ஓட்டை போதும், எல்லாம் வீணாகிவிடும். ஒருமுறை நான் உறையைப் பிரித்தபோது, கத்தி முழுவதும் வெளிர் சாம்பலாக இருக்க, முனைக்கு அருகில் மட்டும் கொத்தமல்லி விதையளவு ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றி நீலமும் பழுப்புமான வளையங்களும் இருந்தன. உறையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தபோது, அதே இடத்தில் ஒளி கசிந்தது. அன்றிலிருந்து தாளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் மடிக்கிறேன்.

நேரம் முடிந்ததும் உறையைப் பிரிக்காமல், உலையிலிருந்து எடுத்த நொடியிலேயே 25 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு அலுமினியப் பலகைகளுக்கு இடையில் வைத்து இறுக்குங்கள். இந்த எஃகு வேகமாகக் குளிர வேண்டும்; பலகைகளை முன்கூட்டியே உலைக்கு அருகில் வைத்திருப்பது நல்லது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உறையைக் கத்தரித்துக் கத்தியை எடுத்து, அன்றைக்கே 175 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை சூடேற்றிப் பதத்தைத் தணியுங்கள். பழைய உறையைச் சேர்த்து வைக்காதீர்கள். ஒருமுறை உலை கண்ட ஃபாயில் மொறுமொறுப்பாகிவிடும், மறுபடி மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும்.